நெல் காவலில் நெஞ்சு படபடத்தது, ஈசிஜியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

களத்துமேடு
அக்டோபர் 21, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம், வயது 41, நாலு ஏக்கர் குறுவை. இதுவரை இங்கே விதை, உரம் பற்றித்தான் கேட்டிருக்கிறேன். இது வேறு விஷயம், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போன வியாழன் ராத்திரி அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டுக் காவலுக்குப் படுத்திருந்தேன். அறுத்து ஐந்து நாள் ஆகிவிட்டது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், எனக்கு 20.4 காட்டியது. சில வருடம் மழையைப் பார்த்து அந்த அளவைத் தளர்த்துவார்கள், அந்த உத்தரவு வரும் வரை வெயில் அடித்தால் நெல்லை விரித்துக் காலால் கிளறுவது, மேகம் கூடினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் இழுப்பது, இதுதான் வேலை. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், கிழக்கே ஒரு மின்னல் வெட்டியது. மழை விழவில்லை, இடிகூட இல்லை, ஒரே ஒரு மின்னல். நெஞ்சு இடிக்க ஆரம்பித்தது பாருங்கள், சட்டைக்கு மேலேயே தெரிகிறது. விரல் பத்தும் மரத்துப் போனது, உதடும் மரத்துப் போனது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் பத்தவில்லை. என் கதை முடிந்தது என்றே முடிவு செய்து, பக்கத்துக் குவியல் மாமாவை எழுப்பி, பையனைப் படிக்க வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னது எனக்கு இப்போது நினைவில் இல்லை, அவர் சொல்லித்தான் தெரியும்.

அவர்தான் பைக்கில் உட்கார வைத்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். காலையில் "ஒண்ணுமில்லை, டென்ஷன், யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்துவிட்டது. ஒரு தடவை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. இப்போது குவியல் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, மாமாதான் என் நெல்லையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் கேஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன? யோசிக்காதே என்றால் எப்படி யோசிக்காமல் இருப்பது, நெல் அங்கே கிடக்கிறதே?

புதுஆறு
அக்டோபர் 21, இரவு 11.58

அண்ணே, அப்படியே எனக்கு. இரண்டு வருடம் கேஸ் கேஸ் என்று சொல்லி இஞ்சிச் சாறு, சோடா, ஓமத் தண்ணீர் எல்லாம் குடித்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாயுதான், அப்பாவுக்கும் வாயு, பாட்டிக்கும் வாயு. யாருக்கும் உண்மையில் வாயு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். ராத்திரி தனியாக இருக்காதீர்கள்.

அக்கா_செவிலி
அக்டோபர் 22, காலை 6.15

தம்பி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். நீ எழுதியதை நேற்றே படித்தேன், டியூட்டி முடிந்து உட்கார்ந்து எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனது சரி. முதல் தடவை நெஞ்சில் இப்படி வந்தால் யாராக இருந்தாலும் ஈசிஜி பார்த்தே ஆகவேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களும் தயவுசெய்து இது பதற்றம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். மூட்டை தூக்கும்போது, வேகமாக நடக்கும்போது நெஞ்சு வலித்து உட்கார்ந்தால் குறைகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறது, உடம்பு ஜில்லென்று வியர்க்கிறது என்றால் படித்துக்கொண்டிருக்காமல் 108க்குப் போன் போடுங்கள். சுகர், பிரஷர் இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும்.

சரி, இப்போது உன் கேள்வி. ஒன்றுமில்லை என்பது எங்கள் ஆட்கள் பழக்கத்தில் சொல்கிற வார்த்தை. இருதயத்தில் அடைப்புக்கான அடையாளம் ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். உனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. நடந்தது எல்லாம் நிஜம்.

வரப்பில் நடக்கிறாய், காலடியில் நல்லபாம்பு படம் எடுத்து நிற்கிறது. நீ யோசிப்பதற்கு முன்னாலேயே கால் பின்னால் தாவிவிடும். அது எப்படி? மூளைக்குள் ஆபத்தைப் பார்த்து மணி அடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது அடித்த மாத்திரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். இருதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் கை கால் தசைக்கு ஓடும், சாப்பாடு செரிக்கிற வேலை நிற்கும், அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. ஓடுவதற்கோ அடிப்பதற்கோ உடம்பு தயாராகிறது. பாம்பு போய்விட்டால் அடங்கிவிடும். உனக்கு ஐந்து நாளாகத் தூக்கமில்லை, அந்த மணி அடிக்கத் தயாராகவே இருந்திருக்கிறது. மின்னல் வெட்டியதும் நாலு மாத உழைப்பு நனையப்போகிறது என்று அது பாம்பைப் பார்த்த மாதிரியே அடித்துவிட்டது. ஆனால் நீ ஓடவும் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை, படுத்திருந்தாய். அத்தனையும் நெஞ்சிலேயே தெரிந்தது.

விரல் மரத்ததற்கும் காரணம் உண்டு. வேகவேகமாக மூச்சு இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். அப்போது விரல் நுனி, உதடு மரக்கும், தலை லேசாகும். காற்று பத்தவில்லை என்று தோன்றும், ஆனால் நீ தேவைக்கு மேலேயே இழுத்துக்கொண்டிருக்கிறாய். இன்னும் இழுத்தால் இன்னும் மரக்கும். ஆகவே ஆழமாக மூச்சு இழு என்று யாராவது சொன்னால் கேட்காதே, வெளியே விடுவதைத்தான் நீட்டவேண்டும். உங்கள் அம்மா ஊதாங்குழலில் அடுப்பு ஊதுவதைப் பார்த்திருப்பாய் அல்லவா, உதட்டைக் குவித்து, மெதுவாக, சாம்பல் பறக்காமல். அப்படி. உள்ளே சாதாரணமாக நாலு எண்ணும் வரை, வெளியே ஆறு எண்ணும் வரை. வெளிமூச்சு நீளும்போது இருதயம் தானாகவே கொஞ்சம் நிதானப்படும். காகிதப் பையை மூடிக்கொண்டு மூச்சு விடுவது பழைய வழக்கம், அது வேண்டாம், ஒருவேளை நெஞ்சுக் கோளாறாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆபத்து.

இன்னொன்று, இது ஏறும், இறங்கும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விடும், அப்புறம் நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். இதை ஒரு தடவை கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டாய் என்றால் பாதிப் பயம் போய்விடும்.

குவியல் பக்கம் போகப் பயம் என்கிறாயே, எனக்கு அதுதான் கவலை. போகாமல் இருந்தால் இன்றைக்கு நிம்மதி. ஆனால் "போகாததால் பிழைத்தேன்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு ரோட்டுக்குப் போகப் பயம், அடுத்த வாரம் பஸ் ஏறப் பயம். வீட்டு வாசலைத் தாண்டாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று சீட்டைப் பார். தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். காவலில் ஒரு ராத்திரிக்கு எத்தனை டீ குடிக்கிறாய் என்பதையும் எண்ணிப் பார்.

கீழவாசல்_லாரி
அக்டோபர் 22, காலை 9.30

தப்பாக நினைக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் இதெல்லாம் இல்லை. தண்ணீர் வராத வருடமும் பார்த்தார், புயலும் பார்த்தார், கல்லு மாதிரி இருந்தார். நமக்குத்தான் போனில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மனசு பலவீனமாகிவிட்டது. டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்துப் பைத்தியக்காரன் என்று எழுதி வைத்துவிடுவார்கள். கோயிலுக்குப் போய்விட்டு நாலு நாள் உழைத்தால் சரியாகிவிடும்.

திருபுவனம்_தறி
அக்டோபர் 22, மதியம் 2.05

லாரி அண்ணனுக்கு. கோபமாக எழுதவில்லை, ஆனால் இதை விட்டுவிட முடியவில்லை.

நான் பட்டுத்தறி போடுகிற வீட்டுப் பெண். எனக்குப் போன வருடம் கை நடுக்கம் வந்தது. குழுக்கடன் மூன்று இடத்தில், செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று, மாதம் பத்தாம் தேதி ஒன்று. திங்கட்கிழமை சாயங்காலமே கை ஆட ஆரம்பித்துவிடும். பட்டு நூல் தலைமுடியைவிட மெல்லிசு, ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு எடுக்கவேண்டும். கை ஆடினால் முடிச்சு விழாது. ஒரு திங்கட்கிழமை ஒரே இழையைப் பதினோரு தடவை கட்டினேன். அப்புறம் தறிக் குழியிலேயே உட்கார்ந்து அழுதேன், வெளியே தெரியாது என்பதால்.

எங்கள் ஊர்ச் சாமிக்குக் கம்பகரேசுவரர் என்று பெயர். தமிழில் நடுக்கம் தீர்த்த பெருமான். வரகுண பாண்டியனுக்கு வந்த நடுக்கத்தைத் தீர்த்தார் என்று தலபுராணம். எல்லாரும் சரபேசுவரர் சன்னதிக்குத்தான் கூட்டமாக வருவார்கள், நான் மூலவர் முன்னாலேயே நிற்பேன். நின்றுகொண்டிருந்தபோது ஒருநாள் தோன்றியது, ராஜாவுக்கு நடுங்கியிருக்கிறது. படை வைத்திருந்தவனுக்கு. அதை மறைக்காமல் கல்லில் கோயில் கட்டி, சாமிக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்புறம் எனக்கு நடுங்கினால் அதில் என்ன கேவலம்? அன்றைக்குத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அடுத்த வாரமே கும்பகோணம் அழைத்துப் போனார்.

ஆகவே கோயிலுக்குப் போங்கள், நானும் போகிறேன், ஆனால் கோயிலுக்குப் போவதால் டாக்டரிடம் போகக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. எனக்கு அங்கே முதலில் சொன்னது மாத்திரை இல்லை. ஒரு நோட்டு வாங்கி எல்லாக் கடனையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதவே பயம். மனசுக்குள் மூன்று லட்சம், மூன்றரை லட்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கூட்டினால் 1,86,000. அதுவும் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் எண் தெரிந்துவிட்டது. எண் தெரிந்த அப்புறம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதை நிறுத்தினோம், வளையலை வைத்து வாரக் கடன் ஒன்றை முடித்தோம். செவ்வாய் இன்னும் வருகிறது. கை அவ்வளவு ஆடுவதில்லை.

பட்டுக்கோட்டை_தென்னை
அக்டோபர் 22, இரவு 8.40

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா எல்லாருக்கும்? 2018, நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது என்று செய்தியில் ஒரு வரியாக முடிந்துவிட்டது. எங்கள் தோப்பில் 212 தென்னை. காலையில் கதவைத் திறந்தால் வானம் தெரிகிறது. அந்த இடத்தில் நான் பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்ததே இல்லை. நின்றது 19 மரம்.

அதற்கப்புறம் எனக்குக் காற்றுச் சத்தம் ஆகாது. மழை இல்லாமல் சும்மா ஆடிக் காற்று அடித்தாலும் கை கால் வெடவெடக்கும். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். வானிலைப் பக்கங்கள், வாட்ஸப் குழுக்கள், எல்லாவற்றையும் ராத்திரி முழுக்கப் பார்ப்பேன். அந்தமான் பக்கம் காற்றழுத்தம் என்றால் போதும், அந்த வாரம் போய்விடும். பார்த்தால் நிம்மதி வரும் என்றுதான் பார்ப்பது. ஐந்து நிமிஷம் வரும், அப்புறம் மறுபடி பார்க்கவேண்டும் போல இருக்கும். மூன்று வருடம் இப்படி. வீட்டில் யாரும் காற்று என்ற வார்த்தையையே சொல்ல மாட்டார்கள், எனக்காக.

அக்கா சொன்னதைத்தான் எனக்கும் தஞ்சாவூரில் சொன்னார்கள், விலகிப் போகப் போகக் கூடும் என்று. ஆனால் ஒரேயடியாகப் போய் நில் என்று சொல்லவில்லை, படிப்படியாக. முதல் வாரம் காற்று அடிக்கிற சாயங்காலம் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்து ஐந்து நிமிஷம். டிவி கூடாது. அடுத்து திண்ணையில். அதற்கடுத்து தோப்பில், பகலில், மகன் கூட. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும், அது இறங்கும் வரை அங்கேயே இருக்கவேண்டும். நடுவில் எழுந்து ஓடிவிட்டால் அந்தப் படியை மறுநாள் மறுபடியும் செய்யவேண்டும். திண்ணைப் படியில் மட்டும் எனக்குப் பத்து நாள் ஆனது. காற்றில் கீற்று உரசுகிற சத்தம் இருக்கிறதே, அந்தப் பத்தாவது நாள்தான் அதில் ஓலையின் சத்தம் தனியாகவும் என் நெஞ்சின் சத்தம் தனியாகவும் கேட்டது. அதற்கு முன்னால் இரண்டும் ஒன்றாகவே இருந்தது.

வானிலை இப்போது காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. அதிகாரப்பூர்வ அறிக்கை மட்டும். கஜாவுக்கப்புறம் வைத்த கன்றுகள் பாளை விட்டிருக்கின்றன.

களத்துமேடு அண்ணே, உங்கள் குவியலுக்கும் அப்படி ஒரு படி வைத்துப் பாருங்கள்.

ஊர்திரும்பி
அக்டோபர் 23, காலை 1.10

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன். நான் சிங்கப்பூரில் ஏழு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் பேராவூரணிக்கே வந்துவிட்டேன். அங்கே இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தாலே பயம். இங்கே பன்னிரண்டு மணி என்றால் அங்கே இரண்டரை, அந்த நேரத்தில் நல்ல செய்தி எதுவும் வராது. இப்போது அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள், போன் அடித்தால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

கேட்க வந்தது இது. தெரிந்த மெடிக்கலில் தூக்க மாத்திரை என்று ஒன்று தந்தான். போட்டால் அரை மணியில் எல்லாம் அமைதி. எட்டு மாதமாகப் போடுகிறேன். பாதி போதும் என்று ஆரம்பித்தது, இப்போது இரண்டு வேண்டியிருக்கிறது. ஒருநாள் கடை சாத்தியிருந்தது, அன்றைக்கு வந்த நடுக்கம் முன்பு எப்போதும் வந்ததில்லை. இதை நிறுத்திவிடலாமா அக்கா? நாளையிலிருந்தே?

அக்கா_செவிலி
அக்டோபர் 23, காலை 5.50

நாளையிலிருந்து நிறுத்தாதே தம்பி. இதை முதலில் படித்துவிடு என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

அட்டையின் பின்னால் அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் மாதிரி ஏதாவது பெயர் இருக்கிறதா பார். அந்த வகை மாத்திரை உடனே அமைதி தரும், ஆனால் தினமும் சில வாரம் போட்டாலே உடம்பு பழகிவிடும், அளவு கூடிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும். டாக்டர் பார்த்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். மீதி அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போ. எட்டு மாதம் என்று உண்மையைச் சொல். அதுவரை சாராயமோ பீரோ கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அமுக்கிவிடும்.

பதற்றத்துக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது வேறு வகை. அது உடனே வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், கொஞ்சம் படபடப்பு கூடுகிற மாதிரி இருக்கலாம், நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அளவு கூட்டிக்கொண்டே போகிற ஏக்கம் வராது. ஆனால் அதையும் நாமாக டக்கென்று நிறுத்தக்கூடாது. எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்றும் இல்லை, பேச்சு வழியான சிகிச்சையே பலருக்குப் போதும்.

எங்கே போவது என்று தனியாகச் செய்தி அனுப்பிப் பலர் கேட்டீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று அரசுத் திட்டம் இருக்கிறது, அதன் மருத்துவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவார்கள், உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவே இருக்கிறது. போக முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்கிற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

லாரித் தம்பி, பைத்தியம் என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்பது உரிமையாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்காமல். இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் யாருக்காவது வருகிறதா? வந்தால் அதை ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், வீட்டிலோ, அந்த எண்ணிலோ, என்னிடமோ. வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து டப்பாவை வீட்டுக்குள், கட்டிலுக்கடியில், மாட்டுக்கொட்டகையில் வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், இல்லை உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்த ஒரு ராத்திரி கைக்கு எட்டாமல் இருந்ததால் மட்டும் பிழைத்து, இன்றைக்குப் பேரன் பேத்தியோடு இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கடைமடை
அக்டோபர் 23, மாலை 5.35

எனக்கு வயது 70. தலைஞாயிறு பக்கம். பேரன் போனில் எழுதிக் கொடுக்கிறான்.

மேட்டூரில் ஜூன் 12 திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது மேலே உள்ளவர்கள் நாற்று விட்டு முடித்திருப்பார்கள். ஆகவே கவலையில் எனக்கு அனுபவம் அதிகம். வருமா, எப்போது வரும், வந்தால் ஏறுமா. பல வருடம் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வாய்க்காலில் கால் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்தால் தண்ணீர் கூடுமா? கூடாது. பார்க்காமலும் இருக்க முடியாது.

தண்ணீர் குறைவாக இருக்கிற வருடம் ஆற்றில் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. முறை இல்லாத நாளில் மதகு அடைத்திருக்கும், போய் நின்றாலும் சொட்டு வராது. ஒருநாள் அடைத்த மதகின் கட்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைத்தேன், இந்தக் கவலைக்கும் முறை வைத்தால் என்ன என்று. சாயங்காலம் ஐந்திலிருந்து ஐந்தரை வரை கவலையின் முறை. அந்த நேரத்தில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவலைப்படுவேன், விட்டுவைப்பதில்லை, மகள் வீட்டு விஷயம் வரைக்கும். மற்ற நேரத்தில் வந்தால் உன் முறை ஐந்து மணிக்கு என்று சொல்லி அடைத்துவிடுவேன். முதலில் அடைபடாது, கசியும். ஒரு மாதம் பழகவேண்டும். மூன்று மணிக்கு வந்தது ஐந்து மணிக்குப் பார்த்தால் பாதி இருக்காது.

உட்காரும்போது ஒரு கணக்குப் போடுவேன். என்னால் ஆவது எது, வானத்தால் ஆவது எது. வரப்பைத் தட்டி வைப்பது, வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எடுப்பது என்னால் ஆகும். அதை மறுநாள் செய்துவிடுவேன். மழை பெய்வது என்னால் ஆகாது.

தம்பி கேட்டது சரியான கேள்வி, நெல் அங்கே கிடக்கும்போது எப்படி யோசிக்காமல் இருப்பது என்று. யோசிக்கத்தான் வேண்டும். நேரம் காலம் இல்லாமல் யோசிப்பதுதான் உடம்பைத் தின்கிறது.

அக்கா_செவிலி
அக்டோபர் 23, மாலை 6.20

ஐயா, எங்கள் பயிற்சியில் கவலை நேரம் என்று இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். முறை என்று சொல்லியிருந்தால் எனக்கும் சீக்கிரம் புரிந்திருக்கும், மக்களுக்கும் சொல்லியிருப்பேன். இனிமேல் உங்கள் வார்த்தையிலேயே சொல்லப்போகிறேன்.

கீழவாசல்_லாரி
அக்டோபர் 24, இரவு 10.15

மூன்று நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவைக் கல்லு மாதிரி என்று எழுதினேன். நேற்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பல வருடம் ராத்திரி படுக்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பாராம். நாங்கள் தூங்கிவிடுவோம், தெரியாது. அம்மா அந்த நேரத்துக்கு எழுந்து கூடவே உட்கார்ந்திருப்பார்களாம், இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டார்களாம். கடைசி ஆறு வருடம் தினமும் குடித்தார். அதைக் குடிப்பழக்கம் என்று மட்டும்தான் நாங்கள் நினைத்தோம், அதற்காக நான் அவரிடம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

தறிச் சகோதரி, நீங்கள் எழுதியது மனதில் நின்றுவிட்டது. நான் முதலில் எழுதியதற்கு வருந்துகிறேன்.

களத்துமேடு
அக்டோபர் 27, இரவு 9.00

எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன், அக்கா எழுதியதை நாலைந்து தடவை.

வீட்டில் சொன்னேன். கேஸ் இல்லை, பயம் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலேயே, "தெரியும், மூணு மணிக்கு எழுந்து வெறும் வாசல்ல தார்ப்பாய்க் கயிறு கட்டிப் பார்க்கிறீங்களே" என்றாள். நான் அப்படிச் செய்வது எனக்கே சரியாக நினைவில்லை. பத்து நாளாகப் பார்த்துக்கொண்டு, நானாகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போனோம். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், சரியாகத்தான் இருக்கிறது. மனநல டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், அக்கா சொன்ன மெதுவான வகைதான், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். டீ ராத்திரிக்கு ஏழு குடித்துக்கொண்டிருந்தேன், இரண்டாகக் குறைத்திருக்கிறேன். மாமாவும் நானும் காவலுக்கு முறை வைத்துக்கொண்டோம், ஒருநாள் அவர், ஒருநாள் நான். ஆனால் என் முறைக்கு இன்னும் போகவில்லை, பகலில் மட்டும் மனைவியோடு போய்க் குவியல் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். தென்னை அண்ணன் சொன்ன ஜன்னல் படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மயூரநாதர்_தெரு
அக்டோபர் 28, மதியம் 12.30

பிள்ளைகள் விஷயமும் இதில் பேசலாமா? என் பெண் பிளஸ் டூ. பரீட்சை என்றாலே வயிற்று வலி, வாந்தி. ஸ்கேன் வரைக்கும் எடுத்துவிட்டோம். நேற்று ஊதாங்குழல் மூச்சை அவளோடு சேர்ந்து நானும் செய்தேன். செய்யும்போதுதான் தெரிந்தது, அவளைவிட எனக்கு மூச்சு வேகமாக இருக்கிறது. மார்க் எவ்வளவு என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கிற பழக்கத்தை முதலில் நான் விடவேண்டும் போலிருக்கிறது. இதற்குத் தனிப் பதிவு ஆரம்பிக்கிறேன், அக்கா அங்கே வாருங்கள்.

களத்துமேடு
நவம்பர் 1, காலை 7.10

நேற்று ராத்திரி என் முறைக்குப் போனேன்.

மாமா கூட இருக்கிறேன் என்றார், வேண்டாம், போன் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கே தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, மேலே செங்கல் வைத்து, சுற்றிலும் மண்வெட்டியால் சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டேன், பெய்தால் தண்ணீர் ஓடிவிடும். என்னால் ஆவது அவ்வளவுதான் என்று கடைமடை ஐயா சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு இடித்தது. வந்துவிட்டது, அதே மாதிரி. விரல் மரக்க ஆரம்பித்தது. எழுந்து பைக் வரைக்கும் போய்விட்டேன், சாவியைக்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம் திரும்பி வந்து குவியல் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். போனில் மணி பார்த்தேன், 12.51. தார்ப்பாய்க்குள் கை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து வைத்துக்கொண்டு ஊத ஆரம்பித்தேன். நாலு, ஆறு. எண்ணிக்கை தப்பிப் போகும், மறுபடி ஒன்றிலிருந்து. விரல் மரத்திருந்ததால் முதலில் கையில் நெல் இருப்பதே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு நெல்லாகக் குத்த ஆரம்பித்தது. பெரிய தூறலாக விழுந்து, தார்ப்பாயில் சடசடவென்று சத்தம். நெஞ்சு இடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இறங்குகிற இடி. மணி பார்த்தேன், 1.04.

மழை கால் மணி நேரம் பெய்தது. வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன்.

இப்போதுதான் மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள், 17.6. இன்னும் ஒரு வெயில் வேண்டும். கிழக்கே வெளுத்திருக்கிறது, தார்ப்பாயைப் பிரிக்கப்போகிறேன். சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.